தர்மதேவதை பார்சல் சர்வீஸும் ஒரு கண்ணியமான கேமராவும்

அறத்தைத் தேடி யாரும் இனிமேல் காடு மேடெல்லாம் அலைய வேண்டியதில்லை. அது ராஜபாளையத்தில், தென்காசி ரோட்டில், பஞ்சர் கடைக்கு அடுத்த காம்பவுண்டில் குடியிருக்கிறது. ஒரு தகர ஷெட், பதினொரு லாரி, வாசலில் ‘தர்மதேவதை பார்சல் சர்வீஸ்’ என்று போர்டு. போன சித்திரையில் அந்தப் போர்டின் கீழே ‘அறநெறியால் இணைக்கப்பட்ட சரக்குப் போக்குவரத்து’ என்று ஒரு வரி புதிதாக ஏறியது. அம்புட்டு நீளமான வரிக்கு இடம் பத்தவில்லை. பெயிண்டர் பழைய போன் நம்பரை அழித்துவிட்டு அந்த இடத்தில் எழுதினார். சரக்கு அனுப்ப வந்தவர்கள் எந்த நம்பருக்குப் பேசுவது என்று தெரியாமல் முழித்தார்கள். முழிக்கட்டுமே! அறம் என்றால் சும்மாவா?

இந்த அறத்தை ஊருக்குள் கொண்டுவந்தவர் உரிமையாளர் பாண்டிதுரை. பெங்களூரில் லாரித் தொழில்காரர்களுக்கு நடந்த மாநாடு ஒன்றுக்கு இரண்டு நாள் போயிருந்தார். போகும்போது வெறுங்கையோடு போன மனுஷன், வரும்போது ஒரு தோள்பை, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு மனசாட்சி ஆகியவற்றோடு வந்து இறங்கினார். மூன்றுமே மாநாட்டில் இலவசமாகக் கொடுத்தது. அன்றிலிருந்து அவரை ‘மொதலாளி’ என்று கூப்பிடக் கூடாது, ‘எம்.டி.’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்று உத்தரவு. மொதலாளி என்கிற சொல்லில் ஆதிக்கம் இருக்கிறதாம்.

மனசாட்சி வந்த அடுத்த வாரம் கௌதம்ராஜ் வந்தார். தளவாய்புரத்துப் பிள்ளைதான், முப்பது வயசு. பெங்களூரில் ‘இணைக்கப்பட்ட கருவிகளின் அறநெறி வடிவமைப்பாளர்’ என்று உத்தியோகம். அந்தப் பதவி விசிட்டிங் கார்டின் ஒரு பக்கத்தில் அடங்காமல் பின்பக்கமும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தது. அவர் கொண்டுவந்த கருவிக்குப் பெயர் ‘தோழன்’. ஓட்டுநரின் முகத்துக்கு நேரே ஒரு சின்னக் கேமரா, மணிக்கட்டில் நாடி பார்க்க ஒரு பட்டை, சீட்டுக்கு அடியில் ஒரு மெத்தை. மூன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். பேசி முடித்து ஆபீசுக்குச் சொல்லும்.

அறம் யார் தலையில் இறங்கியதோ அந்த ஆளையும் சொல்லிவிடுவோம். தவசிமுத்து, வயசு நாற்பத்தாறு. இருபத்திரண்டு வருஷமாக லாரி ஓட்டுகிறார். இதுவரை ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூட டயர் ஏறியதில்லை. ‘தவசி வண்டி எடுத்தா பால்கோவாகூட குலுங்காது’ என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைக்காரர்கள் சொல்வார்கள். முதுகில் ரெண்டு எலும்பு தேய்ந்துபோய், ‘இனி குனிஞ்சு ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாது’ என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஸ்டீரிங்கைப் பிடித்து உட்கார்ந்தால் மட்டும் வலி தெரியாது. அதனால் அந்த சீட்டுதான் அவருக்குச் சோறு, மருந்து, மரியாதை எல்லாம்.

தொடக்க விழாவில் தவசிமுத்து மரியாதையாகத்தான் கேட்டார். “தம்பி, இது கேமராதான?”

“கேமரான்னு சொல்லக் கூடாதுண்ணே. தோழன்” என்றார் கௌதம்ராஜ்.

“நம்மளப் பாத்துக்கிட்டே இருக்குமோ?”

“பாக்காது. அக்கறை எடுத்துக்கும்.”

பக்கத்தில் நின்ற ரஃபீக், இன்னொரு லாரியின் டிரைவர், தலையைச் சொறிந்தான். “வீட்ல ஒருத்தி எடுக்கிற அக்கறையே தாங்க முடியல தம்பி. வண்டிக்குள்ளயுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். கௌதம்ராஜும் சிரித்தார், சிரிப்பதும் அறநெறிக்கு உட்பட்டதுதான். பிறகு விதியைப் படித்தார். ஓட்டும்போது அரை நொடிக்கு மேல் கண் மூடினால் ஒரு ‘உறக்கப் புள்ளி’. மூன்று புள்ளி சேர்ந்தால் ‘கௌரவ இடமாற்றம்’. அதாவது ஸ்டீரிங்கை விட்டு இறங்கி குடோனில் மூட்டை தூக்க வேண்டும். தவசிமுத்துவின் கை தன்னால் இடுப்புக்குப் போனது.

“இது தண்டனை இல்ல” என்று எம்.டி. எழுந்து விளக்கம் சொன்னார். “உங்க உயிர் மேல நிறுவனம் வச்சிருக்கிற பாசம்.”

பாசம் மறுநாளே வேலையைக் காட்டியது.

இந்தப் பக்கத்து டிரைவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டி ஊர் எல்லையைத் தாண்டும்போது மேற்கே மலையைப் பார்த்து, அய்யனார் கோவில் இருக்கிற திசைக்கு ஒரு கும்பிடு. வழியில் பேச்சியம்மனுக்கு ஒன்று. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் கண்ணில் பட்டதும் ஒன்று. வலது கை ஸ்டீரிங்கை விட்டு நெஞ்சைத் தொடும், பொறவு ரெண்டு கன்னத்தையும் தொடும், கண் ஒரு நொடி மூடும். கண்ணை மூடாமல் கும்பிட்டால் சாமியை முறைத்த மாதிரி ஆகிவிடாதா? இருபத்திரண்டு வருஷமாக அந்த ஒரு நொடி மட்டும் வண்டியைச் சாமிகளே பார்த்துக்கொண்டார்கள். ஒரு குறையும் இல்லை.

தவசிமுத்து அய்யனாரைக் கும்பிட்டார். கேமராவிலிருந்து ஒரு பெண்குரல், இலக்கணம் பிசகாத தமிழில் பேசியது. “மதிப்பிற்குரிய ஓட்டுநரே, தாங்கள் உறங்குகிறீர்கள். இது குற்றச்சாட்டு அல்ல, அக்கறை.”

“ஏ தாயி, நான் சாமி கும்பிடுதேன்!” என்றார் தவசிமுத்து பதறிப்போய்.

“நன்றி. தங்கள் உறக்கம் பதிவு செய்யப்பட்டது.”

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தோழன் கண்ணுக்கு மூடியதெல்லாம் தூக்கம். பேச்சியம்மனைப் பயந்து கும்பிடாமல் தாண்டியவருக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் வந்தபோது பழக்கதோஷத்தில் கை தன்னால் எழும்பி, கண் தன்னால் மூடி, ரெண்டாவது புள்ளியும் விழுந்தது. ஒரே காலையில் ரெண்டு!

ரஃபீக் கதை வேறு. அவன் கிளம்பும்போது துஆ ஓதி, ரெண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொள்வான். தோழன் அதை ‘முகத்தை மறைக்கும் முயற்சி’ என்று எழுதியது. ரெண்டு பேரும் கௌதம்ராஜிடம் போய் முறையிட்டார்கள். கௌதம்ராஜ் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

“பாத்தீங்களாண்ணே? இந்து முஸ்லிம்னு ஒரு பாரபட்சமும் இல்ல. ரெண்டு பேருக்கும் சமமாப் புள்ளி. இதத்தான் நாங்க ரெண்டு வருஷமா ஆராய்ச்சி பண்ணினோம்.”

இனி ஒரு புள்ளிதான் பாக்கி. சாமியை விட முடியுமா? சீட்டைத்தான் விட முடியுமா? தவசிமுத்து ராவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ரெண்டு கண்ணையும் சேர்த்து மூடினால்தானே தூக்கம்? முதலில் இடது கண்ணை மட்டும் மூடி முக்கால் கும்பிடு, பொறவு வலது கண்ணை மட்டும் மூடி மிச்சக் கால் கும்பிடு. எப்போதும் ஒரு கண் ரோட்டில் இருக்கும். அய்யனாரே பாராட்டுவார்.

மறுநாள் பேச்சியம்மன் கோவில் வந்தது. தவசிமுத்து பயபக்தியோடு இடது கண்ணை மூடினார்.

“மதிப்பிற்குரிய ஓட்டுநரே” என்றது பெண்குரல். இந்தத் தடவை குரலில் ஒரு விறைப்பு இருந்தது. “தங்கள் சைகை கண்ணியக் குறைவானது.”

தோழனில் ‘குடும்ப நல அறிவிப்பு’ என்று ஒரு அம்சமும் உண்டு. ஓட்டுநரின் நடத்தையில் கவலைக்குரிய மாற்றம் தெரிந்தால் வீட்டுக்கு உடனே குறுஞ்செய்தி போகும். போனது. அன்று மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்த தவசிமுத்துவுக்கு முன்னால் தட்டு வரவில்லை, செல்போன் வந்தது. அவர் மனைவி மாடத்தி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“படிங்க. சத்தமாப் படிங்க.”

தவசிமுத்து படித்தார். “தங்கள் கணவர் பணி நேரத்தில் ஒரு பெண்குரலை நோக்கிக் கண் சிமிட்டியுள்ளார். குடும்பத்தின் அன்பே இதற்கு மருந்து.”

“யாருங்க அவ?”

“அது மிசினுட்டி!”

“மிசினப் பாத்து எவனாவது கண்ணடிப்பானா? நெசத்தச் சொல்லுங்க, யாரப் பாத்து அடிச்சீங்க?”

“பேச்சியம்மனப் பாத்துட்டி!”

மாடத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “அடப் பாவி மனுசா! சாமியப் பாத்தா கண்ணடிச்சீங்க?”

அன்று அவர் சாப்பிட்டது பாதி இட்லி. அதுவும் காலையில் மிஞ்சியது. கண்ணியக் குறைவு தனிக் கணக்கு, உறக்கப் புள்ளியில் சேராது என்று மட்டும் ஆபீசில் சொன்னார்கள். அந்த அளவில் பிழைத்தார். அதற்குப் பிறகு கண்ணை அகலத் திறந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கோவில்களைத் தாண்டினார். ரெண்டு மாசம் ஒரு புள்ளியும் விழவில்லை.

மூன்றாவது புள்ளி விழுந்த கதையை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒரு புதன்கிழமை காலை ஆறு மணிக்கு தவசிமுத்து தளவாய்புரத்தில் நைட்டி பண்டல் ஏற்றி ஈரோட்டுக்குப் போனார். இறக்கிய கையோடு நூல் மூட்டை ஏற்றினார்கள். திரும்பி வியாழக்கிழமை விடிய ராஜபாளையம் வந்து, வண்டியை நிறுத்திவிட்டு இறங்கப் போனவரை எம்.டி. போனில் பிடித்தார்.

“எங்கப்பா இறங்குத? ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா பொட்டி ரெடியா நிக்கி. தென்காசிக் கடைக்கு உடனே போவணும்.”

“எம்.டி., நான் நேத்துக் காலையில வண்டியில ஏறினவன். செத்த நேரம் கண்ணசந்துட்டு…”

“கண்ணசரவா? உனக்கு ரெண்டு புள்ளி இருக்குல்ல? அந்தப் பேச்சே பேசாத!”

போனார். பொட்டிகளை ஏற்றினார்கள். காலை பத்தரை மணிக்கு, நல்ல வெயிலில், மம்சாபுரத்துக்குப் பிரிகிற விலக்கைத் தாண்டும்போது தவசிமுத்து நிஜமாகவே தூங்கிவிட்டார். கும்பிடவில்லை, சிமிட்டவில்லை. தூங்கினார். லாரி மெல்ல ரோட்டை விட்டு இறங்கி, யாரோ வீடு கட்டக் கொட்டிவைத்த மணல் குவியலில் மூக்கை நுழைத்து நின்றது. ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. முப்பது கிலோ பால்கோவா மட்டும் நசுங்கியது. மணலுக்கு நாலு அடி தள்ளி ஒரு பொம்பளை ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளைப் பார்த்ததும் தவசிமுத்து இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்து அழுதுவிட்டார். அழுததைத் தோழன் பதிவு செய்யவில்லை. அவர்தான் சீட்டில் இல்லையே.

விசாரணை நடுநிலையான இடத்தில் நடக்க வேண்டும் என்பது அறநெறி. அதனால் மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் ஏ.சி. ஹாலை வாடகைக்கு எடுத்தார்கள். நடுநிலைமைக்கு முன்னால் வாழையிலைச் சாப்பாடு, நசுங்காத பால்கோவாவோடு. குழுவில் மூன்று பேர். தலைவர் எம்.டி. பாண்டிதுரை. நிபுணர் கௌதம்ராஜ். ஓட்டுநர்களின் பிரதிநிதி, எம்.டி.யின் மச்சினர் முத்துக்குமரன். அவர் புல்லட் வைத்திருக்கிறார், நன்றாக ஓட்டுவார்.

முதலில் கௌதம்ராஜ் வீடியோவைப் போட்டார். திரையில் ஒரு காக்கிச் சட்டை தெரிந்தது. சட்டைக்கு மேலே வெறும் புகைமூட்டம்.

“மூஞ்சி எங்கப்பா?” என்றார் முத்துக்குமரன்.

“ஓட்டுநரோட கண்ணியத்தக் காப்பாத்த மூஞ்சிய மறைச்சுருவோம் சார்.”

“அப்பொறம் தூங்கினது எப்படித் தெரியும்?”

“தோழன் சொல்லுதுல்ல சார்.”

குழு திருப்தி அடைந்தது. எம்.டி. தவசிமுத்துவைப் பார்த்துத் தலையசைத்தார், பேசலாம் என்று.

தவசிமுத்து எழுந்து நின்றார். “மொத ரெண்டும் சாமி கும்பிட்டது. அத எழுதிக்கோங்க. மூணாவது தூங்கினேன். பொய் சொல்ல மாட்டேன், நெசமாவே தூங்கினேன். அந்தப் பொம்பள நாலடி இந்தப் பக்கம் நின்னிருந்தா நான் இன்னைக்கு உசிரோட இருக்க மாட்டேன். ஆனா தூங்கினதச் சொன்ன தோழன், அதுக்கு முன்னால நான் எம்புட்டு நேரம் முழிச்சிருந்தேன்னும் சொல்லட்டும். சீட்டுக்கு அடியில மெத்தை வச்சிருக்கீங்கள்ல? எப்ப உக்காந்தேன், எப்ப எந்திரிச்சேன், எல்லாம் அதுக்குத் தெரியும்.”

“தெரியும்ணே” என்றார் கௌதம்ராஜ் கனிவாக. “ஆனா நாங்க அத வச்சுக்கிறதில்ல. அப்பப்ப அழிச்சுருவோம். ஒரு மனுஷன் எத்தன மணி நேரம் எங்க உக்காந்திருந்தாருங்கிறது அவரோட அந்தரங்கம்.”

“கண்ண மூடினது?”

“அது பாதுகாப்பு.”

“உக்காந்தது?”

“அந்தரங்கம்.”

“எனக்கு அந்தரங்கம் வேண்டாம் தம்பி! ஊர்பூரா தமுக்கடிச்சுச் சொல்லுங்க. இருபத்தெட்டு மணி நேரம்!”

“நீங்க வேண்டாம்னாலும் நாங்க காப்பாத்தித்தான் ஆகணும்ணே. அதான் அறநெறி.”

தவசிமுத்து கடைசி நம்பிக்கையாக எம்.டி.யின் பக்கம் திரும்பினார். வியாழக்கிழமை விடிய போன் போட்ட வாய் அதுதானே. அந்த வாய் திறந்திருந்தது. தலை நாற்காலியில் சாய்ந்திருந்தது. இலைச்சாப்பாடு, ஏ.சி., பால்கோவா மூன்றும் சேர்ந்து தம் கடமையைச் செய்திருந்தன. முத்துக்குமரன் எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார், வெளிச்சம் மச்சான் கண்ணில் படாமல். விளக்கிக் காட்டுவதற்காக மேசையில் வைத்திருந்த தோழன் மட்டும் பளிச்சென்று விழித்தது.

“மதிப்பிற்குரிய ஓட்டுநரே, தாங்கள் உறங்குகிறீர்கள்.”

கௌதம்ராஜ் பாய்ந்துபோய் அதன் மேல் கைக்குட்டையைப் போட்டார். டேப்லெட்டை எடுத்து அவசர அவசரமாக எதையோ அழித்தார்.

“அத ஏன் தம்பி அழிக்கிய?” தவசிமுத்து ரகசியக் குரலில்தான் கேட்டார். தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்கிற நாகரிகம் அவருக்கும் உண்டு.

“எம்.டி. சம்மதம் குடுக்கலியேண்ணே. சம்மதம் இல்லாம ஒருத்தரப் படம் புடிக்கிறது பெரிய தப்பு.”

“நான் எப்ப குடுத்தேன்?”

“நீங்கதான் தினமும் வண்டிய ஸ்டார்ட் பண்ணுதீங்கள்ல? அதான் சம்மதம்.”

காபி டம்ளர் சத்தத்தில் எம்.டி. விழித்தார். விட்ட இடத்திலிருந்து கோபத்தைத் தொடர்ந்தார். “வேல நேரத்துல தூங்குறதுங்கிறது என்ன? பொறுப்பில்லாத்தனம்! இத நான் எந்தக் காலத்துலயும் மன்னிக்க மாட்டேன்.”

தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. தோழன் குற்றமற்றது. தவசிமுத்துவுக்குக் கௌரவ இடமாற்றம், இன்றே அமல். மூன்றாவது தீர்மானத்தை எம்.டி. எழுந்து நின்று வாசித்தார். “நமது நிறுவனத்தில் எந்த ஓட்டுநரும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டியதாக ஒரு பதிவுகூட இல்லை என்பதை இக்குழு பெருமிதத்தோடு தெரிவித்துக்கொள்கிறது.” அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. மூன்று பேரும் கை தட்டினார்கள்.

தவசிமுத்து வெளியே வந்தார். மண்டப வாசலில் வேப்பமரத்தடியில் ரஃபீக், மணலிலிருந்து மீட்ட தவசிமுத்துவின் லாரிப் பக்கத்தில் நின்றிருந்தான். தென்காசிக்கு மாற்றுப் பால்கோவா ஏற்றியாகிவிட்டது. குடோன் ஆளாக தவசிமுத்து செய்ய வேண்டிய முதல் வேலை, சாவியை அவன் கையில் கொடுப்பது.

“எங்கேருந்துடே வாரே?” என்றார்.

“ஈரோடுண்ணே. நேத்துக் காலையில கிளம்பினது. இப்பத்தான் வந்து இறங்குதேன்.” ரஃபீக்கின் கண் ரெண்டும் கோவைப்பழமாக இருந்தன. நின்ற இடத்தில் லேசாக ஆடினான்.

தவசிமுத்துவுக்கு அந்த மணல் குவியல் கண்ணுக்குள் வந்தது. ஆட்டுக்குட்டியோடு நின்ற பொம்பளை வந்தாள். “ஏலே, ஏறு. ஏறிப் படு” என்றார்.

“எம்.டி. கத்துவாருண்ணே.”

“எனக்குப் போறதுக்கு இனி என்னலே இருக்கு? படு.” சாவியை மடியில் சொருகி, வண்டிக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். ரஃபீக் சீட்டில் சாய்ந்ததும் குறட்டை வந்தது.

கால் மணி நேரத்தில் எம்.டி. படியிறங்கி ஓடி வந்தார். பின்னால் கௌதம்ராஜ், டேப்லெட்டோடு. “ஏலே தவசி! வண்டி ஏம்லே இன்னும் நிக்கி?”

“டிரைவர் தூங்குதாரு.”

“தூங்குதானா! கௌதம், போடு புள்ளிய!”

கௌதம்ராஜ் டேப்லெட்டைத் தடவினார். மேலே தடவினார், கீழே தடவினார். ஏ.சி. ஹாலில் வராத வேர்வை இப்போது வந்தது. “சார், போட முடியல. ஓடுற வண்டியில டிரைவர் தூங்கினா என்ன செய்யணும்னு பதினேழு கட்டம் வச்சிருக்கோம். நிக்கிற வண்டியில தூங்கினா எழுத ஒரு கட்டம்கூட இல்ல.”

“ஏன்ப்பா இல்ல?”

“டிரைவர் அப்படித் தூங்குவாருன்னு யாருக்குமே தோணல சார்.”

“ரெண்டு வருஷம் ஆராய்ச்சி பண்ணியுமா தம்பி தோணல?” என்றார் தவசிமுத்து. சாவியைக் கேட்டு நீண்ட எம்.டி.யின் கையை அவர் பார்க்கவே இல்லை.

மாலை ஆறு மணிவரை, முழுசாக ரெண்டு மணி நேரம் ரஃபீக் தூங்கினான். அறநெறி நிறுவனத்தில் எதுவும் பதிவாகாமல் போகக் கூடாது என்பதால், கௌதம்ராஜ் இருக்கிற கட்டங்களில் பொருத்தமான ஒன்றைத் தேடிப்பிடித்து அந்த ரெண்டு மணி நேரத்தை எழுதினார். இன்றைக்கும் யாரும் போய்ப் பார்க்கலாம். ‘வண்டி பழுது. காரணம்: தவசிமுத்து.’